டீச்சரின் வலது கை

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“டீச்சர் கையைக் கட்டிட்டேன்க்கா,” என்றாள் இளையவள்.

“அடிப்பாவி! அடிதடியா?”

“இல்லக்கா. எம் பொண்ணு இடது கையால எழுதுறான்னு தினமும் ரிப்பனால அந்தக் கையைக் கட்டிப் போட்டாங்க. பயத்துல பேச்சு திக்குது, ஸ்கூலுக்கே போமாட்டேங்கறா. நேரே போய், ‘உங்க வலது கையை நான் கட்டுறேன், போர்டுல உங்க பேரை எழுதுங்க’ன்னேன்.”

“திட்டியிருப்பாங்களே?”

“மகராசி, கையை நீட்டிட்டாங்கக்கா! எழுதினா, கோழி கிளறின மாதிரி இருக்கு. புள்ளைங்க சிரிக்க, அவங்களும் சிரிச்சிட்டாங்க. அப்புறம் எம் பொண்ணைக் கூப்பிட்டு, ‘நீ உன் கையாலயே எழுதும்மா’ன்னு சாக்பீஸைக் குடுத்தாங்க. முத்து முத்தா எழுதிட்டா.”

“அப்போ சோறு?”

“சோத்துக்கு மட்டும் வலது கைன்னு பேசி முடிச்சிட்டோம்.”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. துணிந்து கேட்ட அந்தத் தாயையும், கையை நீட்டிய ஆசிரியையையும் மனதாரப் பாராட்டினேன். நானும் ஆசிரியன்தான். பாராட்டியபடியே பள்ளிக்குப் போய், அன்றும் ஒரு மாணவனின் இடது கையைக் கட்டினேன்.