நூற்றுப்பத்து கெல்வின்

டீயில் சர்க்கரை அதிகம் என்று நினைத்தேன். ஆனாலும் குடித்தேன். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஜெயம் தன் கையாலேயே டம்ளரை நீட்டினார். முகம் சுளிப்பது மரியாதையில்லை.

நான் ஸ்வர்ணலதா. ஆரணியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியை. கறுப்புச் சில்லு ஒன்றைக் கம்பிச் சுருளுக்குள் வைத்துத் திரவ நைட்ரஜனால் குளிர வைப்போம். ஒரு கட்டத்தில் அது மின்தடையே இல்லாத மீகடத்தியாகிக் காந்தப் புலத்தை வெளியே தள்ளும். அதன் காந்த ஏற்புத்திறனைக் காட்டும் கோடு திரையில் சடாரென்று விழும். அந்த வகைச் சில்லு எல்லோருக்கும் தொண்ணூற்றிரண்டு கெல்வினில்தான் விழும். எனக்கு நூற்றுப்பத்திலேயே விழுந்தது; அது சாதனை. பஸ் ஸ்டாண்டில் என் படத்தோடு பேனர் கட்டினார்கள்.

என் ஆராய்ச்சி மாணவன் ஹேமநாத், சேவூர்ப் பையன், அந்தக் கருவியைத் திறந்து பார்த்தான்.

"மேடம், உங்க தெர்மாமீட்டர் மாடியில குடியிருக்குது. சாம்பிளு கீழ் வீட்ல நடுங்கிகினு இருக்குது. ரெண்டுத்துக்கும் ஒரே குளிருன்னா எப்டிங்க?"

லேப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வெப்பமானியைச் சில்லின் மேலேயே ஒட்டி மறுபடி அளக்க அனுமதி கேட்டான். கொடுத்தேன். ஆராய்ச்சியில் நான் யாரையும் தடுத்ததில்லை.

எங்கள் லேபில் ஒரு வழக்கம் உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் கோடு நடுங்கும் என்பதால், அளக்கும்போது அதை அணைத்துவிடுவோம். பதிலுக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும். திரவ நைட்ரஜன் ஆவியாகி அறையை நிரப்பினால் மூச்சுவிடக் காற்று இருக்காது. வாசனை வராது, இருமலும் வராது. கதவைச் சாத்தாதீர்கள் என்று எழுதி ஒட்டியவளே நான்தான்.

அன்று பெரிய நைட்ரஜன் கேனை அவன் பக்கம் நகர்த்தி, "தொட்டி நிறைய ஊத்துப்பா" என்றேன். பின் தெருவில் பட்டு முறுக்கும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. சத்தம் தொந்தரவு என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன்.

கதவிலிருந்த கண்ணாடி வழியாகத் திரை தெரிந்தது. நூற்றுப்பத்தில் கோடு விழுந்திருந்தால் திறந்திருப்பேன். அவனுக்கு நான் கொடுத்தது நியாயமான வாய்ப்பு.

நூற்றுப்பத்தைக் கோடு அசையாமல் கடந்தது. தொண்ணூற்றிரண்டில் விழுந்தது. சுத்தமான கோடு. அவன் என் பக்கம் திரும்பிச் சிரித்தான். உதட்டசைவில் எண் புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தான். பிறகு தூக்கம் வந்தவனைப் போல மேசையில் தலை சாய்த்தான். அந்தத் தலை மறுபடி நிமிராது என்று உறுதியான பிறகே தாழ்ப்பாளை எடுத்தேன். அவன் அளந்ததைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன்.

இதையெல்லாம் யாரும் மிரட்டி வாங்கவில்லை. நானே சொல்கிறேன். வருத்தமா என்று ஜெயம் கேட்டார். கேள்வி புரியவில்லை.

அவன் அம்மா காசியம்மாள் ஸ்டேஷன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். "எம்புள்ள அளந்தது சரின்னு ஒரு வார்த்த எழுதிக் குடும்மா. வேற ஒண்ணும் கேக்கல."

ஜெயம் அந்த வரியைத் தனிப் பக்கத்தில் சேர்த்து, காகிதத்தை என்னிடம் தள்ளினார். கொன்றேன் என்ற பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அடுத்த பக்கத்தைப் படித்துவிட்டுப் பேனாவை மூடினேன்.

"இதுல போட மாட்டேங்க. என் சாம்பிள் நூத்திப்பத்துதான்."