யார்வேலே

தப்பா எடுத்துக்காதீங்க. பஸ் டிரைவர்கிட்ட நீங்க டிக்கெட் கேக்கும்போது நடுவுல புகுந்து திருத்தினது நான்தான். யோகெவாவுக்குள்ள ஒண்ணுன்னு கேட்டீங்களா, வாய் சும்மா இருக்கல. தார்த்து ஊருன்னா ‘உள்ள’ போகணும், யோகெவா ஊருன்னா ‘மேல’ போகணும். ஏனா? எனக்கும் தெரியாதுங்க. எங்க எஸ்தோனிய மொழி அப்படி.

பத்திரிகையில பிழை திருத்துற வேலை எனக்கு. வீட்டுக்கு வந்தாலும் விடமாட்டேன். தம்பி தார்வோவோட பொண்டாட்டி லெசியா, உக்ரைன் பொண்ணு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருநாள் சூப்ப மேசைக்குள்ள வெச்சிருக்கேன்னா. அப்ப ரம்பம் கொண்டா, அறுத்து எடுப்போம்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவளும்தான் சிரிச்சா. காது மட்டும் செவந்துபோச்சு.

அதுலேருந்து வார்த்தையோட வால வெட்டிட்டுத்தான் பேசுவா. சூப்பு. மேசை. அவ்வளவுதான். அப்பாடா, பிழை ஒழிஞ்சுதுன்னு நெனச்சேன் பாருங்க, அந்தப் புத்திய என்ன சொல்றது.

உங்க ஊர்ல ஏரி உறையுமா? இங்க உறைஞ்சதும் ஆம்பளைங்க அது மேலயே நடந்துபோய் ஓட்டை போட்டு மீன் பிடிப்பாங்க. ஏரின்னா யார்வ். அது மேல போறாருன்னா யார்வேலே. ஏரிக்குள்ளன்னா யார்வே. அந்த லே ஒண்ணுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை லெசியா ஃபோன் பண்ணினா. மூச்சு வாங்குது. தார்வோ, யார்வேன்னா. லே போடு பொண்ணே, யார்வேலேன்னு சொல்லுன்னேன். யார்வே, யார்வேன்னு கத்துறா. ஒரு லேவுக்கு இவ்ளோ அழுகையா, பழகிட்டுக் கூப்பிடுன்னு வெச்சுட்டேன். போய்க் காபி போட்டேங்க. நெசமா. காபி போட்டுக் குடிச்சேன்.

பனி ஒடஞ்சு தண்ணியில விழுந்தவன்கிட்ட நீட்ட, ஏணிய அவளே பனியில இழுத்துட்டுப் போயிருக்கா. தனியா.

இல்ல இல்ல, உசுரோட இருக்கான். யோகெவா ஆஸ்பத்திரியிலதான். குளுர்ல செத்துப்போச்சுன்னு இடது கால்ல ரெண்டு வெரல எடுத்துட்டாங்க. பையில இருக்கறது அவனுக்குக் கம்பளிக் காலுறை. லெசியாவும் அங்கதான் இருப்பா. என்ன பேசறதுன்னு வழியெல்லாம் யோசிக்கறேன்.

என்னங்க? அவ சொன்ன யார்வே தப்பான்னா கேக்கறீங்க?

அவ தப்பாச் சொல்லல. ரெண்டு வருஷத்துல அன்னிக்குத்தான் வால் வெச்சுப் பேசினா. சரியான வால்.