நாலு கண்ணி செயின்

"சைக்கிள் உங்க கால்ல இடிக்குதாக்கா? என்னை மலையிலேர்ந்து ஆறு கிலோமீட்டர் தள்ள வெச்சிது. உங்கள இடிச்சதோட விட்டுச்சேன்னு சந்தோசப்படுங்க."

படவேட்டில் பஸ் ஏறியதிலிருந்து அன்புச்செல்வி வாயை மூடவில்லை. பக்கத்து சீட்டு அம்மா மடியில் கூடையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஆரணியில சைக்கிள் கடை வெச்சிருக்காரே ஜெயச்சந்திரன், அவரு பண்ண வேலை. மேடு ஏற முடியல, கால் கழண்டுடுதுன்னு போய் நின்னேன். 'கேசட்ட மாத்திடலாம்மா'ன்னாரு. பாட்டு கேசட் இல்லக்கா... பின்சக்கரத்துல பல்சக்கரம் அடுக்கடுக்கா இருக்கு பாருங்க, அது. பெருசா போட்டா மிதிக்க லேசாம். நீளமா புது செயினும் மாட்டிக் குடுத்தாரு, மகாராசன்.

போன மாசம் இதே மலையில எறங்கித் தள்ளிகினு போனேன். எங்க வீட்டுக்காரரு பைக்ல பின்னாடியே வந்து வீடியோ எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டாரு. எவ்ளோ பாசம் பாருங்க. என் நாத்தனா ரேணுகாதேவி, 'அண்ணி, சைக்கிள் ஓட்றீங்களா, மேய்க்கிறீங்களா'ன்னு கேக்கறா. அவ ஒரு மாடி ஏறவே லிஃப்ட் தேடுவா. இன்னிக்கு கால் ஊனாம ஏறிக் காட்டணும்னு ஜல்தியா கெளம்பினேன்.

நல்லா தான் போச்சு. மூணாவது வளைவுல பெரிய பல்லுக்கு மாத்தினேன்... மடார்னு ஒரு சத்தம். பின்சக்கரத்துகிட்ட கியர் மாத்தற இரும்புக் கை பிச்சிகினு போய் சக்கரத்துக் கம்பியில சுத்திகிச்சி. என்ன பேஜாரு பாருங்க.

என்ன கேக்கறீங்க... செயின் நல்லா இருந்துச்சாவா? எங்க இருந்துச்சு, தொளதொளன்னு தொங்குச்சு. இருபது வருசமா தறியில ஒக்காந்திருக்கேன். இழை தொங்கினா என் கை சும்மா இருக்குமா? அதான் நேத்து சாயங்காலம் நானே..."

ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"நானே நாலு கண்ணி வெட்டிட்டேன். வெட்னதும் தறியில இழுத்துக் கட்டின பாவு நூலு மாதிரி வெறப்பா நின்னுச்சுக்கா. அவ்ளோ அழகு. பெரிய பல்லுக்குப் போனா நீளம் எட்ட வாணாமான்னு அப்ப யாரு வந்து கேட்டாங்க? சரி, நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஆரணியில எறங்கி கடைக்கு ஒரு நிமிசம் கூட வாங்க. அந்தக் கை தானா பிச்சிகிச்சின்னு நான் சொல்றேன். நீங்க தலைய ஆட்டினா போதும்."

அந்த அம்மா கூடையோடு எழுந்து, முன்னால் காலியாயிருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அன்புச்செல்வி செல்போனை எடுத்து ஜெயச்சந்திரனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அன்புச்செல்வி பேசறேன். செயின நான்தாண்ணா வெட்டினேன். பஸ் ஆரணி வர அரை மணி ஆவும், திட்றதெல்லாம் இப்பவே திட்டி முடிச்சிடுங்க. வந்தா வேலைய பாக்கலாம்."