பங்குனிக்கு எந்தத் தேசம்?

— சயாமா? அங்கன யாரு இருக்கா உங்களுக்கு?

— யாரும் இருக்க வேண்டாம் பத்திரகாளி. போகணும், முத்திரை வாங்கணும், கொழும்புக்குத் திரும்பணும். அம்புட்டுத்தான்.

— எனக்கு வெளங்கல. பனிக்கு இளைப்பு வருதுன்னு டாக்டரு சொன்னாரு, வருசா வருசம் கொழும்புல என் அண்ணன் வீட்டுக்குப் போறீக, சரி. நடுவுல சயாம் எங்கன இருந்து வந்துச்சு?

— உங்கண்ணன் கடுதாசி போட்டிருக்காருல்ல... போன வருசம் வரைக்கும் ஆறு மாசம் விசா கொடுத்தாக. இனிமே மூணு மாசந்தானாம். முடிஞ்சதும் பக்கத்துத் தேசம் ஒண்ணுக்குப் போயிட்டு, புதுசா விசா வாங்கி உள்ள வரணுமாம்.

— கார்த்திகைக் கடைசியில ரயில் ஏறுவீக. மார்கழி, தை, மாசி... பங்குனி பொறக்கவும் சரியா முடிஞ்சிருதே!

— ஆமா... முடியும் போல.

— போலயா? விரல் விட்டு எண்ணி வச்சிருப்பீக.

— இந்தா, இதப் பாரு. நம்ம கருப்பணன் அச்சாபீஸ்ல பள்ளிக்கூடத்துக்கு அடிச்ச படம். ஒண்ணு கேட்டு வாங்கியாந்தேன். எம்புட்டுத் தேசம் இருக்கு பாரு... சயாம், பர்மா, மாலத்தீவு...

— பர்மாவுல இருந்துதான உங்க சித்தப்பா கட்டுன வேட்டியோட நடந்தே வந்தாக?

— அது யுத்த காலத்துல. இப்பத்தான் கப்பல் இருக்கே.

— கப்பலு! தனுஷ்கோடியில இருந்து தலைமன்னாருக்குப் போறதுக்குள்ளயே எலுமிச்சம்பழத்த மூக்கை விட்டு எடுக்க மாட்டீகளாம். அண்ணன் சொல்லிச் சிரிச்சாரு.

— அதான்... அதான் மாலத்தீவ யோசிக்கேன். கிட்டக்க.

— அங்கன என்னத்தச் சாப்பிடுவீக?

— மாசிக் கருவாடு அங்கன இருந்துதான வருது.

— காலையில மாசிக் கருவாடு, மத்தியானம் மாசிக் கருவாடு. இளைப்புக்கு ரொம்ப நல்லது.

— கிண்டல் பண்ணாத.

— ஏங்க... இந்தப் படத்துல கொழும்புக்கு மேல, கொஞ்சூண்டு தண்ணி தாண்டி, பெருசா ஒண்ணு இருக்கே. பச்சையா. அது என்ன தேசம்?

— எது?... அதா... அது இந்தியா.

— அப்ப பக்கத்துத் தேசம்னா அதான பக்கத்துல இருக்கு?

— கலர் தள்ளி விழுந்திருக்கு. பச்சைய அடிக்கையில தாளு நகந்துபோச்சு. நிசத்துல அம்புட்டுக் கிட்ட இல்ல.

— மறுநாளே ‘வந்து சேந்தேன்’னு தந்தி அடிக்கிறவுக சொல்றீக!

— சொந்தத் தேசமெல்லாம் செல்லாதுடி. வெளித் தேசமா இருக்கணும்.

— கொழும்புக்காரனுக்கு இது வெளித் தேசந்தான?

— உனக்கென்ன தெரியும் விசாவப் பத்தி...

— கடுதாசி வாசிக்கத் தெரியும். ‘மாப்பிள்ளை பங்குனியில விருதுநகர் போயி, மாரியம்மன் பொங்கலும் பாத்துட்டுத் திரும்பட்டும்’னு கடைசி வரியில எழுதியிருக்காரு. அந்த வரிய மட்டும் நீங்க வாசிச்சுக் காட்டல.

— கண்ணாடி போடலல்ல...

— வீட்டுக்கு வர என்ன தடை? மாசிப் பனி வரைக்குந்தான டாக்டரு சொன்னாரு?

— பங்குனியிலயும் பனி இருக்கு.

— விருதுநகர்லயா? செருப்பில்லாம ரோட்டுல கால் வைக்க முடியாது, பனியாம்!

— இல்ல, இந்த வருசம் எப்பிடியோ...

— நேராச் சொல்லுங்க. மாரியம்மனுக்கு நேந்துக்கிட்ட தீச்சட்டிக்குப் பயந்துதான ஓடுறீக?

— யாரு, நானா? விஸ்வநத்தத்துல வெடிக் கம்பெனி நடத்துறவன் தீக்குப் பயப்படுவனா?

— ரெண்டு தீபாவளியா ஒரு கம்பி மத்தாப்பு கையில பிடிச்சீகளா? நான் அடுப்பப் பத்தவச்சா நீங்க வாசலுக்குப் போறீக.

— பத்திரகாளி... அன்னைக்குக் கம்பெனி ஷெட்டு எரிஞ்சத நீ பாக்கல. எட்டுப் பொண்ணுக அதுல வேலை பாத்துச்சுக. சோறு திங்க வெளிய வந்திருச்சுகன்னு எனக்குத் தெரியாது. உள்ளதான் இருக்குகன்னு நெனச்சு ரோட்டுல விழுந்து, ‘ஆத்தா, அம்புட்டுப் பேரையும் கொடுத்துரு, உனக்குத் தீச்சட்டி எடுக்கேன்’னு கத்தினேன். கொடுத்துட்டா. ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல.

— தெரியும்ங்க.

— அதுல இருந்து தீயப் பாத்தாலே கை நடுங்குது. சட்டிய எப்பிடி ஏந்துவேன்? நடுத்தெருவுல கீழ போட்டுட்டா?

— அதுக்குத்தான் போன வருசம் சித்திரை வரைக்கும் கொழும்புலயே உக்காந்துட்டீக.

— ஆமா. வெக்கமாத்தான் இருக்கு. இந்த வருசம் பங்குனியில இங்கன வந்து நின்னா விடுவாங்களா? பக்கத்து வீட்டு மூக்கம்மா கேப்பா, எதுத்த வீட்டு ராக்கப்பன் கேப்பான், தெருவே கேக்கும்...

— தெரு கேக்காது.

— எப்பிடிக் கேக்காம இருக்கும்?

— போன பங்குனியிலயே நான் எடுத்துட்டேன்.

— என்னது?

— தீச்சட்டி. உங்களுக்குப் பதிலா நான் எடுத்துட்டேன்.

— நீயா?... அடிப் பாவி, ஏன் எங்கிட்ட சொல்லல?

— பயமா இருக்குன்னு நீங்களா ஒரு வார்த்தை சொல்லுவீகன்னு பாத்தேன். தெருவுலயும் யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தேன். நீங்க சயாமுக்குப் போறேங்கிறீக.

— கை... ரொம்பச் சுட்டுச்சா?

— சுடாம? வேப்பிலைய வச்சுப் பிடிச்சும் தாங்கல. கல்யாணமாகி பதினாறு வருசத்துல உங்க பேர வாய் விட்டுச் சொன்னதில்ல. அன்னைக்குக் கோயில் வரைக்கும், ‘ஏலே காசிராஜா, இங்கன நான் வேகுதேன், அங்கன நீ என்னலே பண்ற?’ன்னு வஞ்சுக்கிட்டேதான் போனேன். எனக்கு அருள் வந்திருச்சுன்னு தெருவே கால்ல விழுந்து துன்னூறு வாங்கிக்கிருச்சு.