எங்கள் கையால் உடைத்த வள்ளங்கள்

ஓடுகிறோம். மாப்பிள்ளையூரணிப் பாதை. புதன்கிழமை. காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். மில்லுச் சங்கு விடாமல் ஊதுகிறது. யார் ஊதச் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்னால் என் தங்கச்சி பிலோமி. இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. என் தலையில் அரிசிச் சாக்கு. பின்னாலிருந்து ஒருவன் கத்துகிறான்.

"கரையில எறங்கிட்டான்! ஓடுங்க!"

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் காலிக் கடல்தான் தெரிந்திருக்கும். அன்று தூத்துக்குடிக் கரையில் ஒரு ஜப்பான்காரனும் இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. சண்டை முடியும்வரை இறங்கவே இல்லை.

1942. பாஸ்கு என்கிற ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு விழுந்தது. அது உண்மை. திங்கட்கிழமை எங்கள் தெருவுக்குச் செய்தி வந்துவிட்டது. தெருவில் பாதி ஆண்கள் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்மரத் தோணிகளில் இருந்தார்கள். பிலோமியின் புருஷன், என் மச்சான் லாசரும் இருந்தான்.

லாசர் சங்கு குளிக்கிறவன், கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவன். அவனை மேலே இழுக்கிற கயிற்றைப் பிடிக்கிறவன் நான். எங்கள் பக்கம் முத்துக் குளித்தாலும் சங்கு குளித்தாலும் கயிற்றைப் பெண்டாட்டியின் அண்ணன் தம்பி கையில்தான் கொடுப்பார்கள். தங்கச்சி தாலி கையில் இருக்கும்போது எவன் கயிற்றை விடுவான்? ஒன்பது வருஷம் பிடித்தேன். ஒரு தடவைகூட விட்டதில்லை. சண்டை வந்து குளிப்பு நின்றது. லாசர் கூலிக்குத் தோணி ஏறினான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. கோயில் முன் மணலில் கூட்டம். பேசியவர் எங்கள் வார்டில் நின்று நகரசபைக்கு ஜெயித்த தலைவர். அவர் பெயரை எழுத மாட்டேன். பயந்து அல்ல. அவருடைய பேரப்பிள்ளைகள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தவர் அவர். காலரா வந்தபோது வீடுவீடாக வந்து நின்றவர். அதனால்தான் நம்பினோம். வேறு எவன் சொல்லியிருந்தாலும் போடா என்றிருப்போம்.

கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேசினார். கொழும்பில் ஜப்பான் பட்டாளம் இறங்கிவிட்டது என்றார். நம் தோணிக்காரர்களைப் பிடித்து வரிசையாக நிறுத்தி வலது கையை வெட்டுகிறான் என்றார். பெண்களை என்ன செய்தான் என்று விவரமாகச் சொன்னார். பிள்ளைகள் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. பிடித்த தோணிகளின் அடிக்கட்டில் சிப்பாய்கள் ஒளிந்து நம் கரைக்கு வருகிறார்கள் என்றார்.

"தோணி வந்தா யாரும் கிட்டப் போகாதீங்க. வள்ளத்துல எல்லாம் ஓட்டையப் போடுங்க. அவன் கையில ஒத்தப் பலகை சிக்கக் கூடாது."

பிலோமி என் பக்கத்தில் நின்றாள். தன் வலது கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஒரே ஒருவர் எழுந்தார். தந்தி ஆபீஸ் குமாஸ்தா ராமையா அண்ணாச்சி. ஒல்லியான மனுஷர், குரலும் ஒல்லி.

"கொழும்பு லைன் இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கு. அவன் எறங்கியிருந்தா லைன் பேசுமா? ஒரு மணி நேரம் பொறுங்க. கேட்டுட்டு வந்து சொல்லுதேன்."

தலைவர் சிரித்தார். "ஒம்ம வீட்டுப் பொம்பளையள அங்கன விட்டுட்டு ஒரு மணி நேரம் பொறுப்பீரா?"

கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன். ராமையா அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். தந்தி ஆபீஸ் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது.

புதன்கிழமை காலை ஆறு மணி. கரை முழுக்க உளிச் சத்தம். டக். டக். டக். எங்கள் துறையில் பத்தொன்பது வள்ளங்கள். அப்பா வாங்கிய வள்ளத்தின் அடிப்பலகையில் நானே உளியை வைத்தேன். நானே அடித்தேன். நல்ல பலகை. லேசில் உடையவில்லை. மூன்று இடத்தில் உடைத்தேன். எட்டரைக்கு மில்லுச் சங்கு ஊதியது. ஓடினோம்.

நண்பகலுக்குச் சற்று முன்னால் தோணி வந்தது.

இதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர் ராமையா அண்ணாச்சி. அவர் ஓடாமல் ஆபீஸிலேயே இருந்தார். மீதியைத் தோணியில் வந்து பிழைத்தவர்கள் சொன்னார்கள். ஞாயிறு மத்தியானம் கொழும்பிலிருந்து கிளம்பிய தோணி. தண்டல் என்கிற தலைமை மாலுமி, லாசர், இன்னும் நான்கு மாலுமிகள். குண்டுக்குப் பயந்து ஊர் திரும்பும் சனங்கள் பன்னிரண்டு பேர். குண்டு வெடித்த அதிர்ச்சியில் பக்கப்பலகை விட்டிருந்தது. மூன்று நாள் தண்ணீரை இறைத்து இறைத்தே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

எங்கள் கரை ஆழமில்லாத கரை. பாரத்தோடு வரும் தோணி தள்ளித்தான் நிற்கும். வள்ளங்கள் போய் ஆளை இறக்கும். தண்டல் கொடியில் முடிச்சுப் போட்டு ஏற்றினார். முடிச்சுக் கொடி என்றால் ஆபத்து. பார்த்தவன் போயே ஆக வேண்டும். முகம் பார்க்காத பகையாளியின் தோணி என்றாலும் போவோம். அதுவரை போகாமல் இருந்ததே இல்லை.

ராமையா அண்ணாச்சி கரைக்கு ஓடி வந்தார். தெருத் தெருவாகக் கத்தினார்.

"நம்ம தோணிலே! நம்ம ஆளுவதாம்லே!"

கேட்க நாய்களும் கோழிகளும்தான் இருந்தன. வேட்டியை அவிழ்த்து ஒரு வள்ளத்தின் ஓட்டையில் திணித்தார். தனியாக அதைக் கடலுக்குத் தள்ளினார். கடலே தெரியாத மனுஷர். இடுப்பளவு தண்ணீரில் வள்ளம் உட்கார்ந்துவிட்டது. அது என் வள்ளம். மூன்று ஓட்டையில் ஒன்றைத்தான் அவரால் அடைக்க முடிந்தது.

தோணி ஒன்றரை மணி நேரம் மிதந்தது. நீந்தத் தெரிந்த மூன்று மாலுமிகள் கரைக்கு ஆள் கூப்பிடக் குதித்தார்கள். லாசர் ஏழு பேரைப் பாய்மரக் கட்டையோடு கட்டிக் கடலில் இறக்கினான். நீரோட்டம் வெளிக்கடலுக்கு இழுத்தது. கட்டை போய்விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தோணியிலேயே நின்றான். கடலில் மீன் மாதிரி நீந்துகிறவன். குதிடா என்று தண்டல் சொல்லியிருக்கிறார். வள்ளம் வந்துவிடும் என்று சொன்னானாம். என் மச்சான் கரையில் இருக்கிறான், வந்துவிடுவான் என்று சொன்னானாம்.

அந்த நேரத்தில் நான் மாப்பிள்ளையூரணியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கருப்பட்டி தின்றுகொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை லாசர் கரை ஒதுங்கினான். வலது கை இருந்தது. இடது கையும் இருந்தது. உள்ளங்கை இரண்டிலும் கயிறு எலும்புவரை அறுத்திருந்தது. பிலோமி அந்தக் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சாகும்வரை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் செய்தது சரி.

வெள்ளிக்கிழமை அடக்கம். தலைவர் வந்தார். கறுப்புத் துண்டு. கண்ணில் தண்ணீர். கல்லறை வாசலில் நின்று பேசினார். ஜப்பான்காரன் கொன்று கடலில் எறிந்த நம் சகோதரர்கள் என்றார். பிழைத்த ஐந்து பேர், நீந்தி வந்த மூன்று மாலுமிகளும் கட்டையோடு கரை சேர்ந்த இருவரும், அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுவாரம் அது பேப்பரில் வந்தது.

அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"கைய வெட்டுனான்னு யாரு அண்ணாச்சி சொன்னா?"

"ரயில்ல வந்த ஒரு ஆளு."

"அவன் பேரு?"

"பேரெல்லாம் கேக்க நேரமாலே அது?"

கூட்டத்தில் அவர் ஆட்டிய தாள் தந்தி இல்லை. அந்த ஆள் சொன்னதை அவரே பென்சிலில் எழுதிக்கொண்டது. அதையும் ஒளிக்காமல் சொன்னார். அதில் ஒரு தப்பும் அவருக்குத் தெரியவில்லை.

"நான் கேட்டதத்தாம்லே சொன்னேன். நெசமா இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? நல்லதுக்குத்தான் சொன்னேன்."

என் கை அவர் கழுத்துக்குப் போனது. அவர் பெண்டாட்டி கதவருகில் நின்றார். விட்டுவிட்டேன். இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

நானும் கேட்டதைத்தான் செய்தேன். எனக்கு மன்னிப்பு கிடையாது. ஆனால் நான் சொன்னால் என் வீடு கேட்கும். அவர் சொன்னால் ஊர் ஓடும். அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மேடை ஏறினார். அப்படிப்பட்ட வாய்க்கு இரண்டு தெரு நடக்கச் சோம்பலா? தான் முந்திச் சொல்ல வேண்டும் என்ற ஆசைக்கு என் தங்கச்சி தாலியா கிடைத்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த மழைக்காலத்தில் ரங்கூனிலிருந்து நடந்தே வந்த ஒரு பெண் எங்கள் தெருவுக்கு வந்தாள். காலில் புண். ஜப்பான் பட்டாளம் தன் ஊரில் செய்ததைச் சொன்னாள். தேதி சொன்னாள், இடம் சொன்னாள், செத்தவர்கள் பெயரைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. இவளையும் தலைவர் மேடையில் ஏற்றலாம் என்று சிரித்தார்கள். அவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பொய்யைக் கேட்டு ஓடிய ஊர், உண்மை வந்து வாசலில் நின்றபோது கதவைச் சாத்தியது. அந்தப் பாவமும் அவர் கணக்கில்தான் சேரும்.

சண்டை முடிந்ததும் கரையில் ஒரு கல் நட்டார்கள். எதிரி கொன்ற பதின்மூவர் நினைவாக என்று வெட்டியிருக்கிறது. அடியில் தலைவர் பெயர். படிக்கிறவர்கள் அதை நம்புவார்கள். அதனால் எண்ணிச் சொல்கிறேன்.

பத்தொன்பது வள்ளங்கள். எல்லாம் நாங்கள் உடைத்தவை.

தோணி ஒன்று. தண்டல் போனார். அவர் கூடவே நின்ற வயசாளி மாலுமி ஒருவர். காயல்பட்டினத்துக் கடைக்காரர், அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். கொழும்புக் கிடங்கில் வேலை பார்த்த ஸ்ரீவைகுண்டத்து ஆட்கள் நான்கு பேர். ஊர் பெயர் தெரியாத கிழவி ஒருத்தி. என் மச்சான் லாசர்.

பதின்மூன்று பேர். ஜப்பான்காரன் கையால் செத்தவர் அதில் ஒருவர்கூட இல்லை.