விழப் பழக்கும் முகாம்

மலைக்கு மேலே மஞ்சும், மஞ்சுக்கு மேலே மாரியும் காவல் நிற்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவுத் திருவிழாவின் நிறைவு நாளிலே, கையிலே மணியும் கண்ணிலே கடிகாரமுமாகத் தலைமைப் பீடத்தில் வீற்றிருக்கும் ஆலயத் தலைவர் சின்னத்தம்பி ஐயா அவர்களே! தொண்டை வற்ற வற்ற அம்மனை அழைத்து, கடைசியில் அவளையே தூங்கவிடாமல் செய்த பூசாரி ஐயா அவர்களே! விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களம், பொழுதடைந்தால் அடுப்படி என்று ஓடிய கால்களை இன்றொரு நாள் நீட்டி உட்கார்ந்திருக்கும் என் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு இடம்விட்டு மதில்மேல் ஏறிக்கொண்ட தகப்பன்மார்களே! ராகலையிலிருந்தும் இறம்பொடையிலிருந்தும் வந்து, சோறு எப்போது என்று நாகரிகம் கருதிக் கேட்காமலிருக்கும் சம்பந்தி வீட்டாரே! பந்தலுக்குப் பின்னால் நின்று விசிலடிக்கும் எங்கள் விளையாட்டுக் கழகத்துச் சிங்கங்களே! உங்கள் அனைவருக்கும் அந்தக் கழகத்தின் செயலாளர் றோசலின் சொல்லும் மாலை வணக்கம்.

ஐயா எனக்குத் தந்த தலைப்பு, 'ஆலயமும் ஒழுக்கமும்'. அருமையான தலைப்பு. அடுத்த வருடம் பேசுகிறேன். இன்றைக்கு நான் பேசப்போவது, கோலூன்றிப் பாய்தலுக்கு ஒரு நல்ல பயிற்சி முகாமைத் தெரிவுசெய்வது எப்படி என்பதைப் பற்றி. ஐயா, ஐயா, மணியில் கை வைக்காதீர்கள்! மாதா கோவில்காரி அம்மன் மேடையில் ஏறலாமா என்று இங்கே ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் இந்த மலையின் பெருமை. கோலைப் பற்றிப் பேசலாமா என்று மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

சற்றே திரும்பிப் பாருங்கள். கோயில் வாசலிலே அம்மன் கொடியைத் தாங்கி நிற்கிறதே, அது என்ன? மூங்கிலா? இல்லை. கமுகா? இல்லை. கல்யாண முருங்கையா? இல்லவே இல்லை! அது எங்கள் ஜெயந்தினி ஊன்றிப் பாய்கின்ற கண்ணாடி நார்க் கம்பு! உள்ளூர்க்காரர்கள் சிரிக்கிறீர்கள். சம்பந்தி வீட்டார் முழிக்கிறார்கள். அவர்களுக்காகக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

கொடியேற்றத்தன்று காலை நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. மழையோ கொட்டிக்கொண்டிருந்தது. வெட்டிவந்த மூங்கிலைத் தூக்கி நிறுத்தும்போது அது நடுவிலே 'படார்' என்று பிளந்துவிட்டது. பூசாரி ஐயா கத்துகிறார், மேளக்காரர் கத்துகிறார், தலைவர் ஐயா மணியடிக்கிறார். கொடியேற்றப் பொறுப்பாளர் தம்பி பிரதாப் பாய்ந்தோடினான். எங்கே ஓடினான்? வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு. அங்கே ஜெயந்தினியின் அம்மா நாகலெட்சுமி வீட்டுக் கூரை இறவாணத்தில் நீளமாக ஒரு கம்பு. அதன்மேல் மஞ்சள் சேலை சுற்றியிருக்கிறது. மகளுடைய கம்பு மழையில் நனையக் கூடாதென்று அந்தத் தாய் தன் பழைய சேலையைச் சுற்றி வைத்திருந்தாள். எங்கள் தம்பிக்கு அது தெரியுமா? "அம்மாளே மஞ்ச கட்டி அனுப்பியிருக்கா!" என்று கும்பிட்டுத் தூக்கி வந்துவிட்டான்.

கொடி ஏறியது. காற்று அடித்தது. பாய்ச்சல் கம்பு சும்மா நிற்குமா? வளைந்தது! நிமிர்ந்தது! மறுபடி வளைந்தது! "அம்மா ஆடுறா டோய்!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், வரிசையாக ஏழெட்டுப் பேருக்கு அருள் வந்துவிட்டது. அருள் வந்தவர்களில் ஒருவர் இந்த மேடையிலேயே இருக்கிறார். நான் யாரையும் பார்க்கவில்லை ஐயா, மைக்கைத்தான் பார்க்கிறேன்.

ஜெயந்தினி பாடசாலை விட்டு வந்து பார்க்கிறாள். தன் கம்பு வானத்தில்! ஏறிய கொடியைத் திருவிழா முடியுமுன்னே இறக்கலாமா? எந்தக் காலத்திலும் இறக்கியதில்லை. காப்புக் கட்டியவர்கள் வெளியூரில் இரவு தங்கக்கூடக் கூடாது என்னும்போது கொடியைத் தொட யாருக்குத் துணிச்சல் வரும்? பிள்ளை வாசலிலே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பிரதாப் அண்ணே, ஆணி அடிச்சீங்களா?" என்று கேட்டாள். கேட்டது ஒரே கேள்வி. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

இப்போது முகாமுக்கு வருவோம். போன வருட விடுமுறையிலே இதே பிள்ளையை ஒரு பெரிய முகாமுக்கு அனுப்பினோம். பெயர் சொல்ல மாட்டேன், மைக் கெட்டுப்போகும். ஆகா, அந்தச் சுவரொட்டி! அதிலே ஒரு வெள்ளைக்காரர் பாய்கிறார், பின்னாலே சூரியன் உதிக்கிறது. சேர்ந்த அன்றே சட்டை. சேர்ந்த அன்றே தொப்பி. பாய்வதற்கு முன்பே சான்றிதழ்! அள்ளிக் கொடுக்கிறார்களே என்று நாங்களும் வாயைப் பிளந்தோம்.

போய்ப் பார்த்தால், கொழுந்து நிறுக்க நிற்கிற மாதிரி பிள்ளைகள் வரிசை. அத்தனை பேருக்கும் ஒரே கம்பு. தடித்த பையனுக்கும் அதே கம்பு, தட்டைக்குச்சி மாதிரி இருக்கிற பெண்ணுக்கும் அதே கம்பு. தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். அடுத்தவள் தலைக்கு அளந்த கூடைக்கயிற்றை உங்கள் தலையில் மாட்டிக்கொண்டு நீங்கள் மலை ஏறுவீர்களா? கழுத்து என்னத்துக்கு ஆகும்? கயிற்றுக்கே ஆளுக்கொரு அளவு இருக்கும்போது, ஆளையே ஆகாயத்துக்குத் தூக்குகிற கம்புக்கு அளவு வேண்டாமா? ஒவ்வொரு கம்பும் இத்தனை கிலோ ஆளுக்கு என்றுதான் செய்யப்படுகிறது. அதைப் பார்க்காத முகாம் முகாமே அல்ல.

கீழே மெத்தை போட்டிருந்தார்கள். இரண்டு மெத்தை. அவற்றைச் சேர்த்துக் கட்டவில்லை. எங்கள் பிள்ளை பாய்ந்தாள். நன்றாகவே பாய்ந்தாள். விழுந்தது மெத்தைக்கும் மெத்தைக்கும் நடுவிலே. மணிக்கட்டு முறிந்தது. அந்தக் கையோடு அவள் பஸ்ஸில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

நாகலெட்சுமி அன்றே சொன்னாள்: "இனி இந்தக் கம்பத் தொட்டியோ, வெட்டி அடுப்புல வச்சிருவேன்!" யாரது அங்கே, 'அது எரியாது அக்கா' என்பது? தம்பி, அவள் வைத்தால் எரியும்.

ஆனால் கை கூடி, இந்த வருடம் கொடியும் ஏறிய பிறகு பிள்ளை என்ன செய்தாள்? அம்மாவுக்குத் தெரியாமல் முகாமுக்கு ஓடவில்லை. அழவில்லை. அடுப்படியில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, அடுத்த மாசம் தேசியத் தெரிவு. எனக்கு வயசு எல்லை இந்த வருசத்தோட முடியுது. நல்ல முகாம் ஒண்ணு பாத்து நீங்களே அனுப்புங்க" என்று கேட்டிருக்கிறாள். தாய் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள். என்னிடம் வந்தாள். "ஏ றோசலின், நீதான செயலாளரு. நல்ல எடம்னு எனக்கு வெளங்குற மாதிரி காட்டு. வெளங்கலன்னா அனுப்ப மாட்டேன்" என்றாள். பிள்ளையின் பாய்ச்சல் முழுவதும் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது.

ஐயா மணியடித்துவிட்டார். ஐயா, நீங்கள் அடித்தது முதல் மணி. ரயிலுக்கே மூன்று மணி அடிப்பார்கள்!

இரண்டு முகாம்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாகலெட்சுமிக்குக் கேட்கட்டுமென்று சத்தமாக வைத்தேன். முதலில் அந்தச் சூரிய உதயக்காரர். "சேர், போன வருசம் உங்ககிட்ட கையை முறிச்சுக்கிட்ட புள்ள" என்றேன். "எந்தப் பிள்ளை?" என்றார். கேட்டீர்களா? எந்தப் பிள்ளையாம்! சரி, பொறுமை என்று, "சேர், இப்ப கம்பு கோயில்ல கொடிமரமா நிக்குது" என்றேன். "பரவாயில்லை, இங்கே ஒரு கம்பு இருக்கு, அதில் பாயலாம். இந்த முறை நாலு மீட்டர் பாய வச்சிடுவேன், உறுதி!" என்றார். நாகலெட்சுமி தொலைபேசியைப் பிடுங்கினாள். அவள் சொன்னதை அம்மன் சந்நிதியில் சொல்லக் கூடாது.

இரண்டாவது, கண்டிப் பக்கம் சின்னதாக முகாம் நடத்தும் மிலான் மாஸ்டர். கொடிமரக் கதையைச் சொன்னதும் மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்க ஆரம்பித்தார். பிள்ளை எத்தனை கிலோ? கம்பிலே எழுதியிருப்பது எத்தனை கிலோ? எந்த இடத்தில் பிடிக்கிறாள்? எந்தக் கை முறிந்தது? ஓடிவரும்போது இப்போது தயங்குகிறாளா? எப்படி விழுந்தாள்? எதன்மேல் விழுந்தாள்? நாங்கள் அவரை விசாரிக்கப் போனோம். அவர் எங்களை விசாரித்துவிட்டார்! கடைசியில், "அந்தக் கம்புல ஆணி அடிச்சாங்களாங்க?" என்றார். பிள்ளை கேட்ட அதே கேள்வி. ஏனென்றால் அந்தக் கம்பில் ஒரு கீறல் போதும். வளைகிறபோது அந்த இடத்தில் ஒடிந்துவிடும்.

"எவ்வளவு உயரம் பாய வைப்பீங்க?" என்று நான் கேட்டேன். "முதல்ல குறுக்குக் கம்பே வைக்க மாட்டேங்க. விழத்தான் பழக்குவேன்" என்றார். நாகலெட்சுமிக்கு வந்ததே கோபம்! "விழுறதுக்கா சேர் பயிற்சி? அத நாங்க மழைக்காலத்துல தெனமும் மலையில செய்றோமே!" அவர் கோபிக்கவில்லை. "அம்மா, நீங்க வாங்க. மெத்தைய நீங்களே பாருங்க. புடிக்கலன்னா புள்ளய அனுப்ப வேணாம்" என்றார்.

போனோம். காப்புக் கட்டிய கையோடு விடியற்காலை பஸ் ஏறி, இருட்டுமுன்னே திரும்பி வந்தோம். அங்கே போனால் சுவரொட்டி இல்லை, தொப்பி இல்லை. ஆனால் மெத்தை! அடேயப்பா, நாம் குடும்பமே படுத்துறங்கும் லயத்துக் காம்பராவை விடப் பெரிது. இடுப்பளவு உயரம். இடைவெளியே இல்லாமல் இழுத்துக் கட்டியிருக்கிறது. கோல் ஊன்றுகிற குழியைச் சுற்றியும் மெத்தை, குறுக்குக் கம்பைத் தாங்கும் கம்பங்களின் காலைச் சுற்றியும் மெத்தை. கைவிரலால் எண்ணக்கூடிய பிள்ளைகள், ஆளுக்கேற்ற கம்புகள். ஒரு பிள்ளை பயந்து பாதியில் நின்றாள். நான் வசவு விழும் என்று காத்திருந்தேன். மாஸ்டர் கைதட்டினார்! "நின்னது சரி. சந்தேகம் வந்தா நிக்கணும்" என்றார்.

நாகலெட்சுமி மெத்தையைத் தட்டிப் பார்த்தாள். அமுக்கிப் பார்த்தாள். கோழி வாங்குகிறவள் மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தாள். மாஸ்டர் ஒரு பெட்டியைப் போட்டு, "ஏறி, முதுகு பக்கமா விழுங்கம்மா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்" என்றார். நான் 'வேண்டாமடி' என்று சேலையைப் பிடிப்பதற்குள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். கண்ணை மூடினாள். "மாரியாத்தா!" என்று ஒரு சத்தம். விழுந்தாள்!

எழுந்திருக்கவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், மல்லாந்து கிடந்து சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறாள். "றோசலின், இப்புடி ஒரு படுக்கையில நான் படுத்ததே இல்லடி. விழுந்தா வலிக்காம ஒரு எடம் இருக்குடி" என்றாள். நானும் சிரித்தேன். அப்புறம் நானும் அழுதேன்.

தாய்மார்களே, தகப்பன்மார்களே! நம்மிடம் எத்தனை கிலோ பறிப்பாய் என்று கேட்டார்கள். எத்தனை மணிக்கு மலைக்கு வருவாய் என்று கேட்டார்கள். எவ்வளவு ஏறுவாய், எவ்வளவு சுமப்பாய் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டார்கள். வழுக்கி விழுந்தால் எங்கே விழுவாய் என்று யாராவது கேட்டார்களா? யாராவது? நம்மிடம் கேட்காத கேள்வியை நம் பிள்ளைக்காக நாம் கேட்போம்! எவ்வளவு உயரம் ஏற்றுவீர்கள் என்று முகாமிடம் கேட்காதீர்கள். விழுந்தால் என் பிள்ளை எங்கே விழுவாள் என்று கேளுங்கள்! பாயப் பழக்குபவன் ஊருக்குப் பத்துப் பேர் கிடைப்பான். விழப் பழக்குபவனைத் தேடிப் போங்கள். விழுவதற்கு இடம் உண்டென்று தெரிந்த பிள்ளைதான் வானத்தை நம்பி ஓடுவாள்!

கைதட்டியது போதும், இரண்டாவது மணியும் அடித்தாயிற்று. இனி மூன்றே விஷயம், மூன்றும் சின்னது.

தம்பி பிரதாப்! ஒளியாதே, முன்னால் வா. சபையறியச் சொல். கம்பிலே ஆணி அடித்தாயா?

"இல்லக்கா! மஞ்சக் கயிறுதான்! சேலைக்கு மேல வச்சுத்தான் கட்டுனேன்!"

கேட்டீர்களா! ஒரு பழைய சேலை காப்பாற்றியது. ஆனாலும் கொடி இறங்கியதும் சேலையை அவிழ்த்து, மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்ப்போம். ஒரு கீறல் தட்டுப்பட்டாலும் அந்தக் கம்பு இங்கேயே அம்மனுக்குக் காணிக்கை. அப்போது என்ன செய்வதென்று மாஸ்டரிடம் கேட்டுவிட்டேன். "கம்பு இல்லன்னா பரவால்லைங்க, புள்ளய அனுப்புங்க. அவ எடைக்கு ஏத்த கம்பு நான் தேடி வைக்கிறேன்" என்றார். இதற்கு மேல் ஒரு முகாமுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

இரண்டாவது, மெத்தையிலிருந்து இறங்கியவளிடம் நான் வரும் வழியெல்லாம் கேட்டேன், "அனுப்புறியாடி?" என்று. "கொடி எறங்கட்டும், சொல்றேன்" என்றாள். தெரிவுக்கான முகாம் நாளைக்குத் தொடங்குகிறது. காய்கறி லொறி விடியற்காலை வரும். அதன் கூரையில்தான் கம்பு போக வேண்டும். ஜெயந்தினி அதோ தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இந்தத் திருவிழா முழுக்க அவள் அண்ணாந்து பார்த்தது அம்மன் கொடியையா, தன் கம்பையா என்று அம்மனுக்குத்தான் தெரியும். ஆகையால், நாகலெட்சுமி! பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசை, தலையைக் குனியாதே! சபை கேட்கிறது. பிள்ளையை அனுப்புகிறாயா, இல்லையா?

என்ன? எழுந்து நின்று சொல்! அந்த மைக்கை அவளிடம் கொடுங்கள்!

"அவ பையி காலையிலயே கட்டியாச்சு! நீ பேச்ச முடிச்சாத்தானடி கொடிய எறக்குவாங்க!"

முடித்தேன் தாயே, முடித்தேன்! அதுதான் மூன்றாவது விஷயம். மணியடித்துத் தோற்ற தலைவருக்கும், பசி தாங்கிய சம்பந்தி வீட்டாருக்கும், கம்பை இரவல் வாங்கி ஆடிய அம்மனுக்கும் நன்றி. எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மேளம் அடியுங்கள். பிரதாப், மெதுவாக அவிழ். ஜெயந்தினி, வாம்மா, வந்து உன் கம்பைக் கையில் வாங்கிக்கொள். வணக்கம்!