ஜப்பான்காரனுக்கு ஆடி மாசம் தெரியுமா?

...அதத்தான் தாயி நானும் கேக்கேன். ஜப்பான்காரனுக்கு ஆடி மாசம்னா என்னன்னு தெரியுமா? தெரியாதுல்லா! தெரிஞ்சிருந்தா இப்படி நெனச்ச நேரமெல்லாம் புதுசா கேம் பொட்டி எறக்குவானா? எந்தம்பி இங்கன உக்காந்து ஒரு கேம செஞ்சு முடிப்பான், அவன் அங்கன பொட்டிய மாத்திருவான். இவன் புதுப் பொட்டிக்குத் தக்கன திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிப்பான். முடிக்கதுக்குள்ள அவன் அடுத்த பொட்டி! சாண் ஏறுனா முழம் சறுக்குதுன்னு பனைக்குத்தான் சொல்லுவாவ. இவன் பனையேறுத கேம்லா செய்யுதான், அவனுக்கே பலிச்சிட்டு.

செத்த நவுந்து உக்காருளா. பூசணிக்கா உருளுதுல்லா. அந்தக் கண்டக்டர் பாத்த பார்வயப் பாத்தியா? "ஏம்மா, இதுக்கும் டிக்கெட் போடவா"ங்கான். போடு அண்ணாச்சி, சன்னல் சீட்டாக் குடுன்னேன். பின்ன என்ன! எந்தம்பி கேம் இன்னைக்கு உலகத்துக்கே வெளிய வருது, அதுக்கு ஒடைக்கப் போற பூசணிக்கா இது. உடன்குடிச் சந்தையில பத்துக் காயத் தட்டிப் பாத்து எடுத்தது.

நீ அவன் தூத்துக்குடி ஆபீசுல சேந்து ஒரு வாரம்தான ஆவுது, ஷீஜா? அதான் ஒனக்கு ஒண்ணும் தெரியல. அக்காவ உடன்குடில போயி பத்திரமாக் கூட்டிட்டு வான்னு ஒன்ன அனுப்பியிருக்காம் பாரு, அந்தப் புத்தி அவனுக்கு உண்டு. போற வழியில திருச்செந்தூர்ல சாமி கும்பிட்டுட்டு வாங்கன்னு வேற சொல்லிவிட்டானாமே. எனக்கு அப்படியே மனசு குளுந்துட்டு. நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ள, எங்கூட வரிசையில பொறுமையா நின்ன பாரு, நான் அதயும் மறக்கமாட்டேன். ஆனா நாழிக்கிணத்துலயும் குளிச்சே ஆவணும்னு நின்ன பாத்தியா, அதுதான் எனக்குப் புரியல. பொறவு ஆறுமுகனேரியில எறங்கி காப்பி. எனக்கு வேண்டாங்கேன், நீ குடிக்கணுங்க. சரி, சின்னப்பிள்ள.

அந்தக் கையில வச்சிருக்க பொத்தான் வச்ச சாமானத்தக் கொஞ்சம் உள்ள வையேன். பேசும்போது மூஞ்சியப் பாக்கணும்லா. ஆங்... என்ன, ஆபீசு வேலையா? சரி சரி, பாரு, ஆனா காதக் குடு.

மொதமொதல்ல வந்தது டிவி கேம். கேசட்டு சொருவுத பொட்டி. தூத்துக்குடி ஆர்பருக்குப் போயி வார ஒருத்தர்கிட்ட எங்க அப்பா வாங்கிட்டு வந்தாவ. நூறு கேம்னு மேல படம் போட்டிருக்கும், உள்ள நாலே நாலுதான், அதயே திருப்பித் திருப்பி வச்சிருப்பான். ஊரே உக்காந்து வெளையாடுது, இவன் மட்டும் ஸ்குரூ டிரைவர எடுத்துப் பொட்டியப் பிரிச்சுப் போட்டுட்டான். அப்பா வெளக்குமாத்த எடுத்துட்டாவ. நான்தான் குறுக்க போயி விழுந்தேன். என் முதுவுல ரெண்டு. இவன் அழுதுக்கிட்டே சொல்லுதான், "உள்ள ஆளே இல்லக்கா, எப்படிக்கா ஓடுதாங்க?"ன்னு. கோட்டிப்பய! அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிபோச்சு, இவன் கருப்பட்டி யாவாரத்துக்கு ஆவமாட்டான்னு.

பொறவு பிளேஸ்டேசன் ஒண்ணு, ரெண்டுன்னு வந்துச்சு. இவன் தூத்துக்குடியில பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாடியில ஒரு கடையப் போட்டான். மணிக்கணக்குக்கு வாடகை. பயலுவ வந்து வெளையாடுவானுவ, இவனும் அவன் கூட்டாளி தளவாயும் உள்ரூம்புல உக்காந்து சொந்தமா ஒண்ணு செய்வானுவ. தேரிக்காடு, செம்மண்ணு, பனையேறி ஒருத்தன், ஒவ்வொரு பனையாத் தாவிப்போயி பதனி எறக்கணும். பெங்களூர்ல ஒரு கம்பெனிக்காரன் பாத்துட்டு நல்லாருக்கு, நாங்க வெளியிடுதோம்னுட்டான். தம்பி துள்ளிக்கிட்டு வாரான், "நாளைக்குக் கையெழுத்துக்கா!"ன்னு. நாளைக்கு என்ன தெரியுமா? ஆடி ஒண்ணு! ஏலே, ஆடியில எவனாவது புதுசா ஒண்ணு தொடங்குவானா, ஆவணி பொறக்கட்டும்லேன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு. ஆனா அக்கா பேச்சத் தட்டமாட்டான். ஆவணி பொறந்துச்சு, போன் போட்டான், பெங்களூர்காரன் சொல்லுதான், "சார், மூணாம் நம்பர் பொட்டி வந்துட்டு, இனி பழசுக்கு எடுக்கமாட்டோம்." பாரேன் அநியாயத்த! ஒரு மாசம் பொறுக்கமாட்டானா ஜப்பான்காரன்?

எது? பொட்டி ஆடியில வரலைங்கியா? இல்ல, நான் தப்பாச் சொல்லல. ஆடின்னா ஆடிதான்.

சரின்னு மூணாம் நம்பர் பொட்டிக்கு முதல்ல இருந்து செஞ்சான். இந்தத் தடவ பனையேறிக்கு வேர்க்கணும். முதுவுல வழியுத வேர்வ தெரியணும், அத வரையுததுக்கே ஒரு வருசம். செஞ்சு முடிச்சா, மார்கழி! ஆமா, மார்கழியில வீடு பால் காய்ச்சுவாவளா? தை பொறந்தா வழி பொறக்கும்னு சொன்னேன். தையும் பொறந்துச்சு, வழியத்தான் காணும். இவன மாதிரியே வேற எவனோ மரமேறுத கேம அந்த மார்கழியிலயே வுட்டுட்டான். மார்கழியில! அவனுக்கு அக்கா தங்கச்சி கெடையாது போல.

இன்னொரு பொட்டி வந்துச்சுளா, அத நெனச்சா எனக்கு இப்பமும் சிரிப்பு தாங்காது! டிவி மேல கண்ணு மாதிரி ஒரு கேமரா. முன்னால நின்னு நாம கைய ஆட்டுனா உள்ள உள்ளவனும் ஆட்டுவான். தம்பி சொன்னான், நெசமாவே பனையேறுத மாதிரி கையக் கால ஆட்டி ஏறணும், மச்சான் வந்து பாத்துச் சொல்லட்டும்னு. எங்க வீட்டுக்காரவுக இருக்காவல்லா, மந்திரமூர்த்தி, ஊர்ல நாலு பேரு எந்திரிச்சு நிக்குத ஆளு. சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறுதாவ, ஏறுதாவ, உச்சிக்குப் போயி பதனிக் கலயத்தப் பிடிக்கேன்னு ஒரு எட்டு எட்டுனாவ பாரு! டியூப் லைட்டு படீர்னு போச்சு, சாரம் காலடியில கெடக்கு, கேமரா அதயும் படம் பிடிச்சு டிவியில பெருசாக் காட்டுது! ஐயோ... ஐயோ... வயிறு வலிக்குதுளா. தளவாய் தரையில உருண்டான். அதுவும் நல்லாத்தான் வந்துச்சு. வெளியிடப்போற சமயத்துல எங்க பங்காளி வீட்டுல ஒரு துட்டி. பதினாறு கழியட்டும்லேன்னு சொன்னேன். பதினாறு கழிஞ்சுது, அந்தக் கேமராவயும் கழிச்சுட்டானுவ.

இப்படியே போயிட்டு தாயி. ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு கேம், ஒண்ணும் வெளிய வரல. வயித்துப்பாட்டுக்கு வேற ஊருக்காரனுக்குப் படம் வரைஞ்சு குடுக்கான். போன மாசம் எங்கிட்ட சொல்லுதான், "அக்கா, இதான் கடைசி. இந்தத் தடவயும் வெளிய வரலன்னா ஆபீச மூடிட்டு மச்சான் கருப்பட்டி மண்டியில வந்து உக்காந்துருதேன்." அவங் கொரலு அப்படி நான் கேட்டதே இல்ல. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல. கருப்பட்டி மண்டி நல்ல தொழில்தான், நான் ஒண்ணும் கொறச்சுச் சொல்லல. ஆனா அவன் அங்கன உக்காந்தா அது அவனா இருக்காதுளா.

அதான் இந்தத் தடவ நானே காலண்டர விரிச்சு வச்சு உக்காந்துட்டேன். நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னைக்கு விட்டாத்தான் உண்டு. கேம வெளியிடுத கம்பெனிக்காரன் இன்னைக்குப் பத்தரைக்குன்னு நேரம் குறிச்சிருக்கான். வெள்ளிக்கெழம பத்தரை! பத்தரை பன்னெண்டு ராகு காலம்லா! ஏலே, பன்னெண்டுக்கு மேல மாத்தச் சொல்லுலே, அக்கா பூசணிக்காயோட வந்து நிக்கேன், ஒடைச்சுட்டுப் பொத்தான அமுக்குன்னேன். "சரிக்கா"ன்னான். ஒடனே "சாப்ட்டியாக்கா?"ன்னு ஒரு கேள்வி. அவனுக்கு எப்பமும் அதான் வேல! ஏதாவது பேச்ச மாத்தணும்னா, காரியம் ஆவணும்னா, சாப்ட்டியாக்கா. நானும் கூறுகெட்டவ, என்ன சாப்ட்டேன்னு கொழம்பு வரைக்கும் சொல்லிக்கிட்டு நிப்பேன்.

நான் இந்தக் கேம இன்னும் கண்ணால பாக்கல, பாத்துக்க. பொறக்காத பிள்ளைக்குச் சட்ட தைக்கக்கூடாதும்பாவல்லா. பூச போடாம பாக்கமாட்டேன்னு நான்தான் சொல்லிட்டேன்.

பழையகாயல் வந்துட்டு. உப்பு எப்படி வெளஞ்சு கெடக்கு பாரு. மணி பதினொண்ணரை, சரியாப் பன்னெண்டுக்குப் போயிருவோம்... யாரு போன்ல? எந்தம்பி சிவாவா? எங்கிட்ட குடுக்காம ஏம்ளா அங்கிட்டுத் திரும்பிப் பேசுத? என்னது? "இன்னும் பழையகாயல்தான் சார், பயப்படாதீங்க"வா? எதுக்குப் பயப்படணும்? ஏளா, இங்க பாரு. என் கண்ணப் பாத்துச் சொல்லு. அந்தச் சாமானத்த இங்க குடு. குடுளா!

இது... இது தேரிக்காடுல்லா. செவசெவன்னு... பனை... இது தம்பி கேமுல்லா! ஆபீசு வேலன்னு சொன்ன! வெளிய வராத கேமு ஒங்கையில எப்படி... வந்துட்டா? எத்தன மணிக்கு?

பத்தரைக்கா?

ராகு காலத்துலயா?

அடப்பாவிப் பய! அதுக்குத்தான் திருச்செந்தூரா? அதுக்குத்தான் நாழிக்கிணறா? அதுக்குத்தான் ஆறுமுகனேரியில அந்தக் கழுதண்ணிக் காப்பியா? நீயும் கூட்டா? ஏ டிரைவர் அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க, நான் இங்கனயே எறங்கிருதேன்! இந்தப் பூசணிக்காய ஒங்க டயர்லயே வச்சிக்கிடுங்க! என்ன ஆவப்போவுதோ... பேசாத நீ.

...என்ன? வெளையாடுதாங்களா? யாரு? பிரேசில்லயா? அது எங்க கெடக்கு? பத்தரைக்கு அங்க என்ன மணி? ராத்திரியா! அப்போ... அப்போ அங்க ராகு காலம் கெடையாதுல்லா? ஆங். அத மொதல்லயே சொல்லித் தொலச்சா என்ன? பிரேசில்காரன் நல்ல நேரத்துலதான் ஆரம்பிச்சிருக்கான். சரி... அது வேற கணக்கு.

ஆமா, ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? எல்லாரும் ஒரே எடத்துல மாட்டிக்கிட்டு திட்டுதானுவளா? நீயும் காலையில இருந்து அங்கனயே நிக்கியா? தம்பி வழி சொல்லமாட்டேங்கானா? எந்த எடம், காட்டு.

ஒரு வாசல். வாசல்ல ஒரு பொம்பள. பச்சச் சேல, இடுப்புல பூசணிக்கா, கையில காலண்டர்... என்ன எழுதியிருக்கு? "இப்போ நேரம் சரியில்ல. பொறவு வா."

ஏளா.

இது நான்லா!

அந்த மூக்குத்தியப் பாரு! அந்தச் சேல, போன பொங்கலுக்கு அவன் எடுத்துத் தந்தது. பிரேசில்காரன் பத்தரையில இருந்து என்னையா அடிக்கான்? அரிவாளால வெட்டுதான், கல்ல எறியுதான், நான் அசையவே இல்ல! அடிக்க அடிக்க இன்னும் ஒரு சுத்து பெருத்துல்லா போறேன்! ஹா... ஹா... ஐயோ, மந்திரமூர்த்தி நாடார் இதப் பாக்கணுமே... இல்ல, அழல. கண்ணுல உப்புக்காத்து. ...அழத்தாம் செய்யுதேன், போ. இத்தன வருசம் ஒவ்வொரு வாசல்லயும் என்னயத்தான் பாத்துக்கிட்டு நின்னுருக்கான். ஒரு வார்த்த சொன்னானா பாவி!

அடிக்காத அவள. அடிச்சா வழி விடமாட்டா. பேசுத பொத்தான் இருக்கா அதுல? அமுக்கு. என்ன வருது? "வழி விடு." அது வேண்டாம், சொன்னா கேக்க மாட்டா. "நேரமாச்சு." ஊஹூம், நேரத்தப் பத்தி அவகிட்டயே பேசாத. மூணாவது? வாசி.

"சாப்ட்டியாக்கா?"

...அத அமுக்கு. பேசாம அமுக்குளா.

பாத்தியா? சிரிக்கா பாரு. என்ன சாப்ட்டேன்னு சொல்ல ஆரம்பிச்சிட்டா, கத்தரிக்கா, கருவாட்டுக் கொழம்பு... எல்லாம் சரியாச் சொல்லுதா. நவுந்துட்டா! வாசல் தொறந்துட்டு! போ, போ, வெரசாப் போ, கொழம்பு முடிஞ்சா திரும்ப வந்து நின்னாலும் நிப்பா! அந்த பிரேசில்காரனுக்கும் எழுதிப் போடு, ரசம் வரைக்கும் டைம் உண்டுன்னு.

போன் அடிக்கா? அவன்தானா? குடு இங்க. நீ குறுக்க வராத. இன்னைக்கு அவனுக்கு இருக்கு. ஏலே சிவப்பிரகாஷ்! ஏம்ல, ராகு காலத்துலயால...

...

...சாப்ட்டேம்ல. திருச்செந்தூர்ல ரெண்டு இட்லி, பொறவு ஒரு வடை. சட்னிதான் கொஞ்சம் உப்பு கூட. நீ சாப்ட்டியா?